நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாய், வேளைக்குத் தூங்குகிறாய் என்று நீ சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

ஊர்ச் செய்திகளில் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியின் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கப் போகிற நீண்டகாலக் கட்டடத் திட்டக் குழு சென்ற சனிக்கிழமை கூடியது. நெடிய விவாதத்துக்குப் பிறகு தன் முதல் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதாவது, இனிமேல் கூட்டங்களில் நாற்காலிகளை வரிசையாகப் போடக்கூடாது, வட்டமாகத்தான் போட வேண்டும். வட்டத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை, அதில் எல்லோரும் சமம் என்று ஆலோசகர் விளக்கினார். எல்லோருக்கும் மனம் நிறைந்துபோயிற்று. உடனே எழுந்து நாற்காலிகளை வட்டமாக்கினோம். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் மருந்துக் கடைக்காரர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடம் வட்டத்தின் தலையானது.

அவர்தான் குழுத் தலைவர். பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். ஆலோசகர் மேலிடத்திலிருந்து அனுப்பப்பட்ட பையன், உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் நான்கு நிறத்தில் பேனா, எதைச் சொன்னாலும் "அருமை சார்" என்று ஒரு பதில். பள்ளிக்கு என்ன கட்டுவது, எப்போது கட்டுவது என்பதை மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். ஆகவே எங்களைக் கேட்க வந்திருக்கிறார்.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று நீ கேட்பாய். தலைமையாசிரியைக்குக் கண்ணாடிச் சட்டம் தளர்ந்து மூக்கில் நிற்காமல் வழுக்கியது. திருகாணியை முடுக்கிக் கொடுக்கப் போனேன். அவர் அறையில் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், நீங்க சமூகம்தானே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து உன் அப்பா கண்ணாடிக் கடைக்காரர் மட்டுமல்ல, சமூகமும்கூட.

நாற்காலிகள் வட்டமான பிறகு ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்பதைக் கனவாக எழுத வேண்டும். செலவைப் பற்றி நினைக்கவே கூடாது, நினைத்தால் கனவு சுருங்கிவிடும் என்றார் ஆலோசகர். மக்கள் தாராளமாகக் கனவு கண்டார்கள். நீச்சல் குளம், நட்சத்திரம் பார்க்கக் கோபுரம், மாடியே இல்லாத கட்டடத்துக்கு மின்தூக்கி. கொத்தனார் ஏழு மாடி என்று எழுதினார், அவர் தொழிலுக்கு அது நியாயம். எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் "அருமை" சொன்னார்கள்.

ஆசிரியர்களும் தாள் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்ததால் அம்மாவும் ஒன்று எழுதிக் கொடுத்தாள். "நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்." அவ்வளவுதான். ஆலோசகர் அதைப் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது கனவு இருக்கிறதா என்று. பிறகு, "இது திட்டத்துல வராது மேடம், இது பராமரிப்பு" என்று சொல்லி, மூலையில் தனியாக மாட்டியிருந்த ஒரு பலகையில் ஒட்டினார். அந்தப் பலகையின் தலைப்பு "பிறகு பார்ப்போம்". அதில் ஒட்டப்பட்ட முதல் தாளும் கடைசித் தாளும் அம்மாவுடையதுதான்.

அந்தக் கூடத்தை உனக்குச் சொல்லத் தேவையில்லை. கூட்டம் நடத்தக் கட்டிய நீளக் கூடத்தில் நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று வகுப்புகளைத் தற்காலிகமாக உட்காரவைத்து, நடுவே இரும்பு பீரோக்களை நிறுத்தினார்கள். அந்தத் தற்காலிகத்தில்தான் நீ ஐந்தாம் வகுப்பு படித்தாய். இந்தப் பக்கம் அம்மா வரலாறு சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து வாய்ப்பாடு வர, அரசர்களெல்லாம் ஏழெட்டு ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆண்டதாகப் பரீட்சையில் எழுதிவைத்தவள் நீ. மற்ற இரண்டு வகுப்பையும் மீறிக் கத்திக் கத்தித்தான் அம்மாவுக்கு "மைக் டீச்சர்" என்று பெயர் வந்தது. அதைப் பாராட்டு என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்ட காலமும் உண்டு.

நீ இரண்டு முறை கூப்பிட்டபோதும் அம்மா போனுக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டாய். பள்ளியில் வேலை அதிகம். தொண்டையும் கொஞ்சம் கரகரப்பு. வேறு ஒன்றும் இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு நான் சொல்வதைக் கண்ணாலேயே திருத்துகிறாள். அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனியும் எழுதுவேன்.

நல்லபடியாக இரு. வெயிலில் அலையாதே.

அன்புடன்,
அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. காரமாகத்தான் எழுதியிருக்கிறாய். பஸ் ஏறுகிற நேரத்தில் அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திரும்ப எழுதியிருக்கிறாய். "நீ உன் இஷ்டத்துக்குப் போறே இல்ல, போ. இனிமே என்கிட்ட பேசாத, நானும் உன்கிட்ட பேசமாட்டேன்." ஆமாம், சொன்னாள். நானும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். தன் பள்ளியிலேயே உனக்கு வேலை கேட்டு, தலைமையாசிரியையிடம் தலையாட்டலும் வாங்கிவைத்திருந்தவள். நீ தொலைபேசியில் ஆட்களுக்குப் பதில் சொல்கிற வேலைக்கு அத்தனை தூரம் போகிறாய் என்றதும் பொறுக்கவில்லை. "சொன்ன சொல்லை இத்தனை மாசமா காப்பாத்துறாங்களா அம்மா? என்ன பிடிவாதம் அப்பா இது!" என்று கேட்டிருக்கிறாய்.

பதில் சொல்கிறேன். ஆனால் நடந்தது நடந்த வரிசையில்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுமையாகப் படி.

இரண்டு வாரம் முன்பு மக்கள் கருத்தறியும் நாள் வைத்தார்கள். இடம் அதே கூடம். வட்டம் போட ஆள் அதிகம் என்பதால் கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, நாலாம் வகுப்பில் ஒரு குழு, ஐந்தாம் வகுப்பில் ஒரு குழு, ஆறாம் வகுப்பில் ஒரு குழு என்று பீரோக்களுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். மூன்று குழுக்களும் ஒரே நேரத்தில், ஒரே கேள்வியை விவாதிக்க வேண்டும். இந்தக் கூடத்தைத் தனித்தனி வகுப்பறைகளாகப் பிரிப்பதா, திறந்தவெளிக் கற்றல் கூடமாக விரிப்பதா? எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மக்கள் வாய் திறந்து பேச வேண்டும், அதுதான் உயிருள்ள பங்கேற்பு என்றார் ஆலோசகர். உயிருள்ள பங்கேற்பு தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.

அம்மாவும் நானும் நடுக் குழுவில் இருந்தோம், அவள் தன் வகுப்பிலேயே, தன் கரும்பலகைக்கு முன்னால். அவளைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக வீட்டில் தயார் செய்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். முதல் வாக்கியம் பாதி வந்தது. அதற்குமேல் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். அப்போது நாலாம் வகுப்புப் பக்கமிருந்து பலமான கைதட்டல் கேட்டது.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் பதற்றமாகிவிட்டது. "என்னப்பா அங்க, அதுக்குள்ள முடிவு பண்ணிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். "திறந்தவெளிதான் போல. வேற எதுக்கு இப்படித் தட்டுவாங்க?" என்றார் இன்னொருவர். நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று தோன்றியதும் எங்கள் குழுவும் தட்டியது. அம்மா நின்றுகொண்டே இருந்தாள். ஆறாம் வகுப்புப் பக்கம் இருந்தவர்கள் இரண்டு கைதட்டலைக் கேட்டுவிட்டார்கள், அவர்களால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அவர்களும் தட்டினார்கள். மூன்று பக்கமும் தட்டுவதைக் கேட்ட ஆலோசகர் கண்கலங்கிப் போனார். திறந்தவெளிக் கற்றல் கூடம் ஏகமனதாக ஏற்கப்பட்டதாக அறிவித்தார்.

நாலாம் வகுப்புப் பக்கம் எதற்காகக் கைதட்டினார்கள் என்பதை வாசலில் செருப்பு மாட்டும்போது விசாரித்தேன். கூட்டத்தைச் சொன்ன நேரத்துக்கு முன்பே முடித்துவிடலாம் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னாராம். அதற்குத்தான்.

நான் உள்ளே ஓடிப்போய் இதை ஆலோசகரிடம் சொன்னேன். அவர் குறிப்பை எழுதி முடித்துவிட்டிருந்தார். எனக்கு வாசித்தும் காட்டினார். ஒரு குழுவில் பிறந்த எண்ணம், குறுக்கே சுவர் இல்லாத காரணத்தால், நொடியில் மற்ற குழுக்களுக்குப் பரவியதாம். திறந்தவெளிக் கூடத்தின் சிறப்புக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லையாம். அடுத்த வரி: "எதிர்க்கருத்து எதுவும் கேட்கப்படவில்லை."

அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையிலேயே கேட்கவில்லை.

மறுநாள் அம்மாவைத் தொண்டை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்தார். கையில் கடப்பாரை பிடிப்பவனுக்குக் காய்ப்புக் காய்க்கிற மாதிரி, கத்திக் கத்திக் குரல்நாண் இரண்டிலும் காய்த்திருக்கிறதாம். கொஞ்ச நாள் வாயே திறக்கக்கூடாது. மெதுவாகப் பேசலாமா என்று நான் கேட்டேன். குசுகுசுவென்று பேசுவது இன்னும் கெடுதல் என்றார். "பேசாம இருந்து பார்க்கலாம். கரையலைன்னா ஆபரேஷன். அதுக்கப்புறமும் பழைய குரல் வரும்னு நான் சொல்லமாட்டேன். கூடத்துல கத்துறது மட்டும் இனி நடக்காது" என்றார். அம்மா அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, "அப்புறம் பாடம் எப்படி நடத்துவது?" என்று அவருடைய சீட்டிலேயே எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

ஆகவே, மகளே, இது பிடிவாதம் இல்லை. நீ போன சில நாளிலேயே அவளுக்குக் குரல் அடைக்கத் தொடங்கிவிட்டது, கரகரப்பு என்று முன்பு எழுதினேனே, அது இதுதான். நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். உன் குரல் வெளியே கேட்கட்டும் என்று போனின் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிச் சைகை செய்தவளும் அவள்தான். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இதோ மீறிவிட்டேன். அவளிடம் சொல்லிக் கொடுத்துவிடாதே. எனக்கு வீட்டில் கிடைக்கிற வசவு ஏற்கெனவே போதும்.

வசவு எப்படி என்று கேட்கிறாயா? சமையலறையில் டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள். ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. விடாமல் தட்டினால் என்னைத் திட்டுகிறாள் என்று அர்த்தம். தெருவில் போகிறவர்கள் நம் வீட்டில் பாத்திரக் கடை வைத்துவிட்டோம் என்று நினைக்கக்கூடும்.

தைரியமாக இரு. அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா

*

அன்பு மகளுக்கு,

கிளம்பி வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். புது வேலை, விடுப்பு கேட்டால் முகம் சுளிப்பார்கள். இங்கே வந்து நீ செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. செய்யக்கூடியதையெல்லாம் நான் செய்து பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள், வயது என்று எடுத்துக்கொள்ளாதே.

கூட்டத்துக்குப் போனேன். வட்டமாகத்தான் உட்கார்ந்தோம். என் மனைவிக்குக் குரல் போய்விட்டது, நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும், அடுத்து வருகிறவருடைய தொண்டையாவது பிழைக்கட்டும் என்று கேட்டேன். ஆலோசகர் மிகவும் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தில் குறை சொல்ல மாட்டேன். பிறகு வரைபடத்தை விரித்தார். நான் சுவர் கேட்கிற இடத்தில், பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு செயற்கை மரம் வரப்போகிறதாம். அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து தாமாகக் கற்பார்களாம். இன்று அங்கே சுவர் எழுப்பினால் அது திட்டத்துக்கு முரண். திட்டத்தை மாற்ற வேண்டுமானால் மறுபடி மக்களைக் கேட்க வேண்டும். "மக்கள்தான் ஏற்கெனவே கைதட்டிட்டாங்களே சார்" என்றார்.

கூரை ஒழுகுவதையாவது அடைக்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். அந்தக் கூரை ஒன்பதாம் ஆண்டில் எடுக்கப்படும், அதில் கை வைக்க வேண்டாம் என்றார்கள். எனக்குப் புரிந்தது இதுதான். திட்டம் இல்லாதவரை பணம் இல்லை என்று ஒன்றும் செய்யவில்லை. இப்போது திட்டம் வந்துவிட்டதால் ஒன்றும் செய்யக்கூடாது.

வட்டத்தில் உட்கார்ந்திருந்த கொத்தனார் பக்கம் திரும்பினேன். அவர் மகன் அம்மாவிடம்தான் படிக்கிறான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, சுவர் ஒரு விஷயமா? கட்டிடலாம். ஆனா திட்டத்துக்கு எதிரா கட்டினவன்னு பேர் வந்துட்டா நாளைக்குப் பெரிய வேலைக்கு என்னை யாரு கூப்பிடுவா?" என்றார். பெரிய வேலை தொடங்கும்போது அவருக்கு எழுபது வயது ஆகியிருக்கும். அதைச் சொன்னேன். "அப்ப என் பையன் எடுத்துச் செய்வான்" என்றார். அம்மா சொல்வது காதில் விழாமல் அந்தப் பையன் இதுவரை வகுத்தலைப் பெருக்கலாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

மருந்துக் கடைக்காரர் கைப்பிடி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தம்பி, டீச்சருக்குத் தொண்டை மிட்டாய் எவ்வளவு வேணும்னாலும் நம்ம கடையில எடுத்துக்குங்க, விலையைக் குறைச்சுப் போட்டுக்கலாம். அதுக்காக ஊர் எதிர்காலத்துக்குக் குறுக்கே சுவர் கட்டணும்னு நிக்கலாமா?" என்றார். வட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

மகளே, நான் கடையில் கோபப்பட்டு நீ பார்த்ததில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியவில்லை என்று வருகிறவர்கள்மேல் எனக்கு என்ன கோபம்? அவர்களுக்குத் தெரியவில்லை. இவர்களுக்கு முதல் வரி தெரிகிறது. இத்தனை பெரிய எழுத்து. படிக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள். எழுந்து நின்று கத்தினேன். முப்பது வருஷத்துக்கு அப்பால் நிற்கிற நீச்சல் குளம் தெரிகிறது, முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்பிள்ளை தெரியவில்லை, உங்கள் கண்ணுக்குப் போட என் கடையில் கண்ணாடி கிடையாது என்றேன். கையெழுத்துப் போட்ட கையை வெட்டிக்கொள்ளத் தோன்றுகிறது என்றேன். அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மற்றதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலோசகர் குறுக்கிடவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் இளஞ்சிவப்பில் ஒரு தாளை நீட்டினார். "சார், இது ரொம்ப முக்கியமான உணர்வு. இதுல எழுதிக் குடுத்தீங்கன்னா பதிவு பண்ணிடலாம்" என்றார். உணர்வுகளுக்கு இளஞ்சிவப்பாம். "கோபம்" என்று எழுதிக் கொடுத்தேன். சுவரில் ஒட்டினார். பக்கத்தில் ஏற்கெனவே யாரோ "மகிழ்ச்சி" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அறிக்கையில் இரண்டையும் சேர்த்து, பொதுமக்களிடம் கலவையான வரவேற்பு என்று போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கரண்டியை எடுக்கக்கூட இல்லை.

அதற்கு மறுநாள் கடையில் கண் சோதிக்கிற இடத்தை மறைத்து நிற்குமே பலகைத் தடுப்பு, அதைக் கழற்றினேன். ஒரு வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போய், நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே பீரோக்களின் முதுகில் சேர்த்துக் கட்டினேன். தலைமையாசிரியை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார், அவரால் முடிந்த உதவி அது. அம்மா அப்போது விடுப்பு முடிந்து வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். வாய் திறக்காமல், கரும்பலகையில் எழுதியும் மேசையில் ஸ்கேலால் தட்டியும் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதுவரை ஸ்கேல் தட்டுவது இரண்டாம் பெஞ்சுக்குமேல் கேட்காது. தடுப்பு நின்ற அன்று கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அம்மா ஒரு கணக்கை எழுதிவிட்டு ஒரு தட்டு தட்டினாள். பிள்ளைகள் எல்லோரும் பென்சிலால் ஒரு தட்டு தட்டினார்கள். ஆமாம், புரிந்தது என்று அர்த்தம். நம் வீட்டுச் சமையலறைப் பாஷையை வகுப்பு முழுக்கக் கற்றுவைத்திருக்கிறது. அம்மா சிரித்தாள். சத்தமில்லாமல்தான்.

தடுப்பு மறுநாள் மாலைவரை நின்றது. திட்டத்தில் இல்லாத கட்டுமானம் என்று குழு அதை அகற்றச் சொல்லிவிட்டது. இப்போது அது பள்ளி வாசலில் நிற்கிறது. திட்ட வரைபடத்தை ஊர் பார்க்கும்படி ஒட்டிவைக்க ஒரு பெரிய பலகை தேடிக்கொண்டிருந்தார்களாம், பொருத்தமாகக் கிடைத்துவிட்டது. கீழே ஓரத்தில், நான் கடைக்காக எழுதிய "இங்கே நிற்கவும்" என்பது இன்னும் அழியவில்லை. கடையில் கண் சோதிக்க இப்போது போர்வை கட்டியிருக்கிறேன்.

திட்டத்தின் முதல் கட்ட வேலையும் தொடங்கி முடிந்துவிட்டது. பணம் தேவைப்படாத வேலை அது ஒன்றுதான் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கூடத்திலிருந்த பீரோக்களை அகற்றினார்கள். இப்போது மூன்று வகுப்பும் ஒரே வெளியில் உட்கார்ந்திருக்கின்றன. படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். படத்தில் சத்தம் வராது அல்லவா, பார்க்க மிகவும் அழகாக இருக்கிறது.

அதன்பிறகு ஸ்கேல் முதல் பெஞ்சுக்கே கேட்கவில்லை. டீச்சர் வாயே திறப்பதில்லை என்று ஒரு பெற்றோர் போய்ப் புகார் சொன்னார். யார் என்று எழுத மாட்டேன், நீ பழகின வீடு. தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அழுதுகொண்டே சொன்னார். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். சின்ன வயது, பயிற்சி முடித்து இப்போதுதான் வருகிறாள். எடுத்துக்கொண்ட காரணத்தைத் தலைமையாசிரியை மறைக்கவில்லை. நல்ல குரல் என்றார். உனக்காக அம்மா கேட்டுவைத்திருந்த இடம் அது. அம்மாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை, வேறு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். சொல்லிவிட்டு வந்தேன்.

காதில் மாட்டுகிற கருவியில் மெதுவாகப் பேசினாலே போதும், அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும் என்று உன் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசி என்று கைகாட்டினாள். மறுபடி வாசித்தேன். அவள்மேல் இன்னும் கோபமா என்று உன்னிடம் கேட்கட்டுமா என்றேன், இரண்டு தட்டு. உன்மேல் இன்னும் கோபமா என்று அவளிடமே கேட்டேன். அதற்கும் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, எதற்கென்று தெரியவில்லை, டம்ளரில் ஒரு தட்டு.

நீ கூப்பிடு. நீ பேசு. ஒரு தட்டில், இரண்டு தட்டில் பதில் வருகிற மாதிரிக் கேள்வியாகப் பார்த்துக் கேள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, என்னை நினைத்தாயா, இப்படி. போனை டம்ளருக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கோபத்தில் சொன்னதை அவளால் இப்போது வாயால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்கொண்டதாக நீயே வைத்துக்கொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் குரல் நன்றாக இருக்க வேண்டும். எங்கே வேலை செய்தாலும், சொல்ல வேண்டியதைச் சாதாரணமாகச் சொன்னாலே கேட்கிற இடமாக உனக்கு அமைய வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

பி.கு.: காலையில் கூப்பிடுவதானால் அம்மா கிளம்புமுன், எட்டரைக்குள் கூப்பிடு. பள்ளியில் முதல் மணியை அம்மாதான் அடிக்க வேண்டும்.